பூதங்களுக்கு வெற்றிலை வைத்த மதினி

பட்டாசுக் கம்பெனி வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு எங்கள் தெரு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் கிடக்கும். புரட்டாசியில் அப்படி ஒரு காலையில்தான் காரியாபட்டியிலிருந்து போன் வந்தது. பேத்தி ஹரிணி எடுத்தாள். "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தவள், போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தாள். "அப்பத்தா, அம்மாச்சி தூக்கத்துலயே போயிட்டாகளாம்" என்றாள். நான் போய் அடுப்பை அணைத்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. ஏன் முதலில் அதைச் செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

ஹரிணியும் அவளோடு படித்த பிள்ளைகளும் சேர்ந்து செய்த போன் விளையாட்டை ஆடுகிற உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். 'காரியாபட்டி அம்மாச்சி' என்று நீங்கள் சொல்வது என் சம்பந்தியைத்தான். பெயர் சீனியம்மாள். என் மகன் கட்டியிருப்பது அவர் மகளை. எனக்கு அவர் மதினி. சாவுச் செய்தியை விளையாட்டுக் குழுவில் போட்டதும் நீங்கள் அனுப்பியதை எல்லாம் ஹரிணி எனக்கு வாசித்துக் காட்டினாள். "அவங்க நிஜமாவே இருந்தவங்களா? கதைக்காக வச்ச பேருன்னு நினைச்சேன்" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் கையெழுத்து நன்றாக இருக்கும். பட்டாசுக் கம்பெனி பேக்கிங்கில் இருந்த காலத்தில், பெட்டி மேல் ஊர்ப் பெயர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மதினி எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியது போன வருஷம் கார்த்திகையில். கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. "இங்கன வந்து இரும்மா" என்று மகள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வரவில்லை. நான் வாங்கிப் பேசினேன். "வலி எப்பிடி இருக்கு மதினி?" என்றேன். "வலிக்கு என்ன, அது கூப்பிடாமலே வருது" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். ஆடுகளுக்கு நடுவில், ஒரு கண்ணில் பச்சைத் துணி தொங்க உட்கார்ந்திருந்தார். "வாங்க மதினி, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றேன். "நின்னுக்கிட்டே கூப்பிட்டா, போற வழியில கூப்பிட்டதாத்தான் அர்த்தம்" என்றார். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். ஆட்டுக்குட்டி என் சேலை முந்தியை மென்றது. பிறகுதான் எழுந்து பையை எடுத்தார். அந்தப் பை முந்தின நாளே கட்டி வைத்ததாக இருந்தது.

அழைப்பு விஷயத்தில் அவருக்கு இருந்த ரோஷம் எங்கள் சொந்தத்தில் எல்லாரும் அறிந்தது. ஆனால் அந்த ரோஷத்துக்கு அடியில் ஒரு காயம் இருந்தது. அவர் மகளுக்கும் என் மகனுக்கும் கல்யாணம் நடந்தபோது பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று. அச்சுக் கோத்த இடத்தில் ஒரு வரி விழுந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. தெரிந்தவுடன் வேறு அடித்தோம். அதற்குள் பழைய கட்டிலிருந்து ஒன்று யார் கைவழியாகவோ மதினியின் அண்ணன் சுப்பையா கைக்குப் போய்விட்டது. பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் வரவில்லை. அவருக்குப் போட்ட நாற்காலி முகூர்த்தம் முடியும்வரை காலியாகக் கிடந்தது. அதன் பிறகு தங்கச்சி வீட்டு விசேஷம் எதிலும் அவர் கால் வைக்கவில்லை. காதுகுத்துக்குப் போய்க் கூப்பிட்டார் மதினி, வீடு பால் காய்ச்சப் போய்க் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அண்ணன் கொல்லைப்பக்கமாக எழுந்து காட்டுக்குப் போய்விடுவார். பக்கத்துப் பக்கத்து ஊர்தான்.

எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே மதினி என்னிடம் சொன்னார். "ஹரிணி கல்யாணத்துக்காவது அவுக வந்து உக்காரணும் மதினி. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

விளையாட்டு அவருக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும். நம் விளையாட்டைத் தெரியாத யாராவது இதைப் படித்தால், விஷயம் இவ்வளவுதான்: உங்களுக்கு ஒரு கோட்டை இருக்கும். வடக்கே இருந்து ஒரு பகைப்படை வந்துகொண்டே இருக்கும். அது வருவதற்குள் காட்டிலும் மலையிலும் சதுப்பிலும் இருக்கிற பலவகைச் சாதி சனத்தை உங்கள் பக்கம் சேர்க்க வேண்டும். மலை குடைகிற குள்ளர்கள், அம்பு எய்கிற நீள்காதர்கள், நடக்கிற மரங்கள், கல்பூதம், ஓநாய் மேல் ஏறி வருகிறவர்கள், இப்படி ஏழு சாதி. எல்லாவற்றுக்கும் மேலே, ஏரியைப் பார்த்த குன்றில் நெருப்பு விடுகிற சிறகுநாகம்.

போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் முதல் சில வாரம் மதினி அந்த உலகத்தைப் பார்க்கவே இல்லை. பிரஸ்ஸில் டிசைன் வேலை முடித்து வந்து ஹரிணி ஆடுவாள், நான் பார்த்துப் பார்த்துச் சொல்லுவேன், மதினி கண்ணை மூடிக் கேட்பார். "இப்ப காடு வருது மதினி. பனி மூடியிருக்கு. காது நீண்டவுக நிக்கிறாக." "எம்புட்டு நீளம்?" "உங்க கன்னி ஆட்டுக்கு இருக்குமே, அம்புட்டு." "அப்ப அழகாத்தான் இருப்பாக" என்பார். சாயங்காலம் அச்சங்குளம் பக்கம் கம்பெனிக்காரர்கள் புது வாண ஐட்டம் விட்டுப் பார்ப்பார்கள். விசேஷம் எதுவும் இல்லாத நாளில் வானத்தில் பச்சையாக ஒரு பூ விரிந்து, சத்தம் பின்னால் மெதுவாக வந்து சேரும். "அது யாரு, நாகமா?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். சொல்லச் சொல்ல எனக்கே எது போனுக்குள் இருக்கிறது, எது கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று பிரியாது. கந்தக வாடையோடு காற்று வரும். நீள்காதர்கள் எங்கள் தெருமுனையில் வந்து நின்று, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கும்.

கண் கட்டை அவிழ்த்த பிறகு முதல் தடவையாகப் போனில் அவர்களைப் பார்த்தார் மதினி. ரொம்ப நேரம் பார்த்தார். "இவுகளா? நீங்க சொன்னவுக இன்னும் நெட்டையா இருந்தாக" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்தச் சாயங்காலம்தான் சண்டை வந்தது. ஹரிணி குள்ளர்களைப் படையில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருத்தா இவுக, தாடியும் கோடாரியுமா?"

"குள்ளர்கள் அம்மாச்சி. தங்கம் குடுத்து இத அழுத்துனா வந்துருவாங்க."

"அழுத்துனா வந்துருவாகளா? அவுக வீட்டுல கேக்க வேண்டாமா?"

"இல்ல அம்மாச்சி. அழுத்துனா வருவாங்க, அம்புட்டுத்தான்."

"அழுத்துன உடனே ஓடி வர்றதுக்கு அவுக என்ன காலிங்பெல்லா?"

ஹரிணி சிரித்தாள். மதினி சிரிக்கவில்லை. "உன் கோட்டைக்காக உசிரக் குடுக்க வர்றாக. அவுக வாசல்ல போய் நின்னியா? வெத்தலை பாக்கு வச்சியா? ஒரு செம்பு தண்ணியாச்சும் வாங்கிக் குடிச்சியா?" என்றார்.

"பேசாம இருங்க மதினி. குள்ளருக்கு எந்தக் கடையில வெத்தலை வாங்குறது?" என்றேன் நான்.

"உங்க ஊர்ல வெடி மட்டும்தான் கிடைக்கும், தெரியும். சாத்தூர்ல வாங்கட்டும்."

என் பேத்தியை நான் மெச்சிக்கொள்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவள் அதைச் சிரிப்போடு விடவில்லை. கூட்டாளிகளிடம் பேசினாள். கொஞ்ச நாளில் குள்ளர் ஊர் மாறியிருந்தது. இப்போது நீங்கள் நேரில் போக வேண்டும், உட்கார வேண்டும், தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். தங்கத்துக்கு வந்தவர்கள் தங்கம் தீர்ந்ததும் போய்விடுவார்கள். அழைத்து வந்தவர்கள் கோட்டை விழும்வரை இருப்பார்கள். "சேர்" என்று இருந்த பொத்தானை ஹரிணி "அழை" என்று மாற்றியது அப்போதுதான்.

அதன் பிறகு மதினிக்கு அது வேலையாகப் போயிற்று. தனக்கு வாழ்க்கையில் நடந்த அவமரியாதை ஒவ்வொன்றையும் யாராவது ஒரு பூதத்துக்குக் கொடுத்தார். ஒரு தடவை ஒரு சொந்தக்காரர் பத்திரிகையை அவர் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் பைக்கில் போய்விட்டார். அதுதான் கல்பூதம் உங்களிடம் சொல்வது: "பத்திரிகை வாசல்ல கிடந்துச்சு. காத்து கொண்டாந்துச்சா, நீங்க கொண்டாந்தீகளான்னு தெரியலையே." அந்தக் குரல் அவருடைய குரல்தான். ஹரிணி போனை நீட்டிப் பதிவு செய்தபோது ஆட்டை விரட்டுகிற குரலில் பேசினார், அதுவே பொருத்தமாக அமைந்துவிட்டது. ஓநாய்க்காரர்களின் தலைவி "எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டீக, சரி. என்னையக் கூப்பிட்டீகளா?" என்று கேட்பாள் அல்லவா? அது யாருடைய வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

எலும்புப்படையை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. மந்திரக்காரன் கையைத் தூக்கினால் செத்தவர்கள் மண்ணிலிருந்து எழுந்து வாளோடு வருவார்கள் என்று ஹரிணி காட்டினாள். மதினி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "உழைச்சுக் களைச்சுப் போய்ப் படுத்தவுக. அவுகளையுமா வேலைக்கு எழுப்புவ? செத்தவுகளச் சாப்பிடத்தான்த்தா கூப்பிடணும்" என்றார். ஆடி அமாவாசைக்கு இலை போட்டுக் கூப்பிடுகிற மாதிரி. அதனால்தான் நம் விளையாட்டில் எலும்புப்படை சண்டை போடுவதில்லை. அழைத்தால் வந்து முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். கோட்டைச் சுவர் அன்று கொஞ்சம் கெட்டியாகும். இது எந்த நாட்டு விளையாட்டு என்று யாரோ கேலியாக எழுதியதை ஹரிணி காட்டினாள். "காரியாபட்டி நாட்டு விளையாட்டுன்னு எழுது" என்றார் மதினி.

இனி சிறகுநாகம். அது வருவதில்லை என்று உங்களில் பாதிப் பேர் ஹரிணியைத் திட்டியிருக்கிறீர்கள். வெம்பக்கோட்டை அணை மாதிரியே ஒரு ஏரி, அதற்கு மேல் குன்று, குன்றில் நாகம். எப்படி அழைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதலில் அப்படி இல்லை. ஏழு சாதியையும் சேர்த்தவருக்கு நாகம் வரும் என்றுதான் ஹரிணி வைத்திருந்தாள்.

நான்தான் முதலில் கிண்டல் பண்ணினேன். "அது வந்தா எங்கன குடி வைக்கிறது மதினி? நம்ம ஊர்ல கம்பெனி கேட்டுல தீப்பெட்டியையே வாங்கி வச்சுருவாக. வாயில நெருப்போட வந்தா வாட்ச்மேன் விடுவானா?"

மதினி அதற்கும் சிரிக்கவில்லை. "அவுக வர மாட்டாக" என்றார்.

"ஏன் அம்மாச்சி?" என்றாள் ஹரிணி.

"ஏழு பேரையும் கூப்பிட்டுட்டு எட்டாவதா வந்து நிக்கிறியே. மொதல்ல கூப்பிட வேண்டியவரக் கடைசியில கூப்பிட்டா எப்பிடி வருவாக?"

"அப்ப முதல்லயே கூப்பிட்டா வரணும்ல?"

மதினி யோசித்தார். "மொதல்லயே கூப்பிட்டாலும் வர மாட்டாக. மனசு விட்டுப்போச்சு. வராதவருக்கும் ஒரு மலை இருக்கட்டும்த்தா. கூப்பிடுறது நம்ம பாடு, வர்றது அவுக பாடு."

ஆட்டத்தில் அடைய முடியாத ஒன்றை வைத்தால் ஆடுகிறவர்களுக்குச் சலித்துவிடும் என்று ஹரிணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை.

ஆனால் அதன் பிறகு மதினி ஆடியது நாகத்தோடு மட்டும்தான். மதியம் வெயிலில் தெரு வெறிச்சோடியிருக்கும்போது, போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குன்று ஏறுவார். கோட்டையை அப்படியே விட்டுவிடுவார். பகைப்படை வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும், இவர் குன்றில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நான் தூங்கிவிட்டதாக நினைத்து அதனோடு பேசினார். "மழை தண்ணி உண்டா அங்கன? மொளகா எப்பிடி வந்திருக்கு? முட்டி வலி பரவாயில்லையா?" நாகம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "சரிண்ணே, நாளைக்கு வாரேன்" என்றார். நான் கண்ணைத் திறக்கவில்லை. வெளியே கருவேல நெற்று வெடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குன்றும் ஏரியும் எங்கள் வீட்டுக்குள் வந்து, நான் அதன் கரையில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

பங்குனியில் ஊருக்குத் திரும்பினார். ஆடியில் ஹரிணிக்கு மாப்பிள்ளை பேசி, தையில் கல்யாணம் என்று முடிவானது. சேதி கேட்டதும் மதினி சொன்னது ஒன்றே ஒன்று: "மொதப் பத்திரிகை எங்க அண்ணனுக்கு. நானே கொண்டு போறேன்." பத்திரிகை அடிக்கிற வரைக்கும் அவர் இருக்கவில்லை.

சாவுக்கு நாங்கள் காரியாபட்டி போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே, வெயிலில், மடியில் ஒரு துணிக்கடைப் பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுப்பையா அண்ணன். எங்கள் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். பிறந்த வீட்டுக் கோடி அந்தப் பையில் இருந்தது. சேலையைத் தங்கச்சி மேல் போர்த்திவிட்டு மடிப்பைச் சரி பண்ணிக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கேதத்துக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லல்ல. அதான் வந்தேன்." எங்கள் பக்கத்தில் நல்லதுக்குத்தான் அழைப்பார்கள். கெட்டதுக்குச் சேதி சொல்வதோடு சரி. அத்தனை வருஷம் வெளியில் நின்றவருக்கு ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது. அது அவர் தங்கச்சி போன வாசல்.

பதினாறு முடிந்த பிறகு ஹரிணி என்னிடம் கேட்டாள். "அப்பத்தா, நாகத்த இனி வர வச்சுருவோமா? அம்மாச்சி நினைவா?" வேண்டாம் என்றேன். அதை வர வைக்கிறது அவள் கையில் இருக்கிற வேலை. அண்ணனை வர வைக்கிறது யார் கையிலும் இல்லை. மதினிக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. அதனால்தான் குன்றை அப்படியே வைக்கச் சொன்னார்.

போன வாரம் பத்திரிகை வந்தது. ஹரிணியே டிசைன் செய்தது. எழுத்துக்கு எழுத்து நான் சரி பார்த்தேன். முதல் பத்திரிகையைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். "நீயே பேசிக்கோ" என்று அவர் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் முகம் கொடுக்கவில்லை என்றால் அந்தத் தெருவுக்கே மறுபடி போகாதவள் நான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

எங்களைப் பார்த்ததும் சுப்பையா அண்ணன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நாங்கள் உட்கார்ந்தோம். அவர் மனைவி தண்ணீர் கொடுத்தார், குடித்தோம். சுவரில் பல்லி கத்தியது. மிளகாய் காய்கிற நெடி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், போவோமா என்கிற மாதிரி. நான் அசையவில்லை. வெயில் நடையைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அண்ணன் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க தங்கச்சி அனுப்புச்சா?" என்றார்.

"ஆமாண்ணே."

பத்திரிகையை வாங்கிப் பிரித்தார். மூடினார். "கண்ணாடி இல்ல. நீங்களே படிங்க." கண்ணாடி அவர் சட்டைப் பையில் தெரிந்தது.

நான் மேலே இருந்து படித்தேன். பிள்ளையார் சுழியிலிருந்து, குலதெய்வத்தின் பெயரிலிருந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். தாய்வழிப் பெரியவர்கள் என்ற இடத்தில் முதல் பெயராக அவர் பெயர் இருந்தது. அதைப் படித்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "தங்கச்சி பேரு?" என்றார். அதற்கு முன்னாலேயே, மறைந்தவர்கள் ஆசியுடன் என்ற வரியில் இருந்தது. அதைத் திரும்பப் படித்தேன். "ம்" என்றார். வெற்றிலையை எடுத்துக்கொண்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

வருவாரா என்று ஹரிணி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மதினியின் சேலைகளை மகள்கள் எடுத்துக்கொண்டார்கள், ஆடுகளைப் பங்காளிகள் பிரித்துக்கொண்டார்கள். அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது, என்ன பதில் வரும் என்று தெரியாத வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற பழக்கம். அது என்னிடம் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் மறுபடியும் போக வேண்டும். நெருங்கின சொந்தத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டால் போதாது.